நீள நூல் எந்தப் பக்கம்

டாக்டர் ஓய்வு பெறுகிறார் என்று ஒரு மலர் போடுகிறார்கள். இருபத்திரண்டு வருஷம் அவருடைய தியேட்டரில் கத்தி எடுத்துக் கொடுத்த நர்ஸ் என்பதால் என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார்கள். கேட்டதோடு விட்டிருக்கலாம். "கருணையே வடிவான டாக்டர்னு ஆரம்பிச்சு எழுதிக் கொடுங்க சிஸ்டர்" என்று முதல் வரியையும் எழுதிக் கையில் திணித்தார் மலர்க் குழுக்காரர். வந்த கோபத்தில் அந்தத் தாளை அவர் கண் முன்னாலேயே நாலாக மடித்து மேஜைக் காலுக்கு அடியில் வைத்தேன். மேஜை ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது.

கருணையாம். அவருக்குக் கருணை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கோபம் இருந்தது. வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வந்தவர்களை வெட்டித் தைப்பது அவர் தொழில். நாக்கில் வந்த புண்ணுக்கு ஏழு மாதம் களிம்பு தடவிவிட்டு, வாய் திறக்க முடியாமல் போனபிறகு வருவார்கள் ஜனங்கள். டாக்டர் அவர்களைத் திட்டமாட்டார். களிம்புச் சீட்டை வாங்கி, அதில் இருக்கும் நம்பருக்குப் போன் போடுவார்.

"உங்க களிம்பு ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கு. நாக்கோட ஓரத்துல முடிஞ்சிருக்க வேண்டியது இப்ப தாடையோட போகுது. வியாழக்கிழமை வெட்டறேன். வந்து பாக்கறீங்களா?"

எதிர்முனையில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் ரிசீவர் விழும். மூன்று வருஷத்தில் இரண்டு போன்களை உடைத்தார். அதனால் சுற்றுவட்டாரத்து டாக்டர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது, ஆனால் களிம்பு எழுதுவதற்கு முன்னால் ஒரு தரம் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

அவர் இந்தப் பிரிவுக்கு வந்த கதையும் அப்படித்தான். படித்து முடித்த காலத்தில் கழுத்துக்கு மேல் வரும் புற்றுநோயை எடுக்க ஆள் கிடையாது. அழுகல் நாற்றம், பத்து மணி நேரம் நிற்க வேண்டும், பிழைத்தவர்களும் கண்ணாடி பார்க்கப் பயப்படுவார்கள். நேர்முகத் தேர்வில் எங்கள் துறைத் தலைவர், நாங்கள் பெரியவர் என்று சொல்வோம், சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த நாத்தம்? பிரசவம் பாக்கலாமே" என்றாராம். "மூக்கு எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்" என்றாராம் இவர். போட்டிக்கு வந்திருந்த இன்னொருவர் விலகிக்கொண்டதால்தான் இடம் கிடைத்தது. பெரியவர் அந்தப் பதிலைக் கடைசிவரை மறக்கவில்லை.

கட்டியை வெட்டுவது பெரிய காரியமில்லை, எங்கே நிறுத்துவது என்பதுதான் காரியம். குறைத்து வெட்டினால் நோய் மிஞ்சும். கூட்டி வெட்டினால் மனுஷனுக்குப் பேச்சு மிஞ்சாது. அதனால் வெட்டிய துண்டை, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே, இரண்டு மாடி கீழே இருக்கும் லேபுக்கு அனுப்புவோம். அங்கே ஒருவர் அதை உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் ஓரங்களைப் பார்ப்பார். அவருக்குக் கீழ்வீட்டுக்காரர் என்று பெயர் வைத்திருந்தோம். அரை மணியில் போன் வரும். ஓரம் சுத்தம் என்றால் தைப்போம். இன்ன ஓரத்தில் இன்னும் இருக்கிறது என்றால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வெட்டுவோம்.

வெட்டி எடுத்த நாக்குத் துண்டுக்கு முன் எது, பின் எது என்று பார்த்தால் தெரியாது. சுருங்கி, முறுக்கிக்கொண்டு கிடக்கும். அடையாளத்துக்கு இரண்டு நூல் தைத்து அனுப்புவது வழக்கம். எங்கள் ஆஸ்பத்திரியில் பெரியவர் வைத்த சட்டம், நீள நூல் நாக்கு நுனிப்பக்கம், குட்டை நூல் தொண்டைப்பக்கம். டாக்டர் பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரியில் இதற்கு நேர்மாறு. எந்தத் தாளிலும் இதை எழுதுவது கிடையாது. ஃபாரத்தில் அதற்கென்று ஒரு கட்டம் போடுங்கள் என்று டாக்டர் இரண்டு தரம் கேட்டார். "எல்லாருக்கும் தெரிஞ்சதை எதுக்கும்மா எழுதணும்?" என்று இரண்டு தரமும் பெரியவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் டாக்டரை ஆராய்ச்சிக்குத் தள்ளியது என்று நினைக்கிறேன். கீழே இருப்பவர் 'இங்கே' என்று சொல்லும்போது, மேலே இருக்கும் நாம் அதே 'இங்கே'வில்தான் வெட்டுகிறோமா? இவ்வளவுதான் அவர் கேள்வி. ஒவ்வொரு துண்டையும் பச்சைத் துணியில் வைத்து ஸ்கேலோடு போட்டோ எடுப்பார். அதைப் பார்த்து அன்று மாலையே தாளில் வரைவார். மறுவெட்டு வெட்டிய இடத்தைச் சிவப்பில் தீட்டிக்கொண்டு கீழே போய், நோய் பார்த்த இடத்தை நீலத்தில் தீட்டச் சொல்லி கீழ்வீட்டுக்காரர் கையில் பென்சிலைக் கொடுப்பார். டாக்டரின் கணவர் பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியர். நாக்கின் வெளிக்கோட்டை நாட்டு வரைபடம் மாதிரி அச்சடித்துக் கொடுத்தது அவர்தான். "அம்மா என் சிவப்புப் பென்சிலை மட்டும் தீத்துடறாங்க ஆன்ட்டி" என்று அவர் பெண் என்னிடம் புகார் சொல்வாள். ஒன்பது வருஷத்தில் முந்நூற்றுப் பதினோரு துண்டுகள். மூன்றில் ஒன்றில் சிவப்பும் நீலமும் ஒரு நகத்தின் அகலத்துக்கு மேல் விலகியிருந்தன. அதாவது, மூன்றில் ஒரு தரம் நாங்கள் சும்மா வெட்டியிருக்கிறோம்.

அந்த முந்நூற்றுப் பதினொன்றில் ஒன்று ஏலக்காரருடையது.

மீன் துறைமுகத்தில் ஏலம் கூறுபவர். ஐம்பது வயது. நாக்கின் வலது ஓரத்தில் கட்டைவிரல் அளவு கட்டி. வார்டில் சேர்ந்த அன்றே காலைச் சிற்றுண்டியை ஏலம் விட்டார். "ரொட்டி ரெண்டு, முட்டை ஒண்ணு, ஆறின டீ ஒண்ணு, யாருக்கு, யாருக்கு" என்று அவர் ஆரம்பித்தால் தலையில் கட்டுப் போட்டவர்கள்கூடக் கையைத் தூக்குவார்கள். அவர் நாக்கு ஓடும் வேகத்துக்கு என் காது ஓடாது.

ஆபரேஷன் அன்று காலை, கை கழுவும் இடத்தில் வைத்து டாக்டருக்கு ஒரு செய்தி வந்தது. பெரியவர் ஏதோ மாநாட்டுக்குப் போய், டாக்டருடைய வரைபடங்களைத் தன் பெயரில் காட்டிவிட்டு வந்திருக்கிறார். பூகோள வாத்தியார் அச்சடித்த அதே நாக்கு, மகளுடைய அதே சிவப்புப் பென்சில். டாக்டர் கையைத் தேய்த்த தேய்ப்பில் தோல் உரிந்துவிடும் போலிருந்தது.

கட்டி சுத்தமாக வந்தது. நூல் கேட்டார், கொடுத்தேன். தைத்தார். நீள நூல் தொண்டைப்பக்கம் தொங்கியது.

நான் பார்த்தேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதே என்று தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் கடித்துக் குதறிவிடுவார், எதற்கு வம்பு, அவருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவர் கை கோபத்தில் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது என்பது அவருக்கே தெரியவில்லை.

துண்டை டப்பாவில் போட்டு ஆள் எடுத்துக்கொண்டு போனான். போன் வந்தது. "முன் ஓரத்துல இன்னும் இருக்கு." டாக்டர் முன் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் எடுத்து அனுப்பினார். "சுத்தம்." முன் ஓரம் எப்போதுமே சுத்தமாகத்தான் இருந்தது. நோய் பின்னால் உட்கார்ந்திருந்தது. நாங்கள் அதை உள்ளே வைத்துத் தைத்தோம்.

வழக்கம்போல அன்று மாலை வரைந்திருந்தால் நூல் கண்ணில் பட்டிருக்கும். அன்று மட்டும் அவர் வரையவில்லை. பெரியவர் அறையில் போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சண்டையில் ஜெயித்தார் என்றுகூடச் சொல்லலாம், பெரியவர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் படத்தை நினைவிலிருந்தே வரைந்து கோப்பில் சேர்த்தார், போட்டோவைப் பார்க்கவில்லை.

பதினோரு மாதம் கழித்து ஏலக்காரர் திரும்பி வந்தார், நாக்கின் வேரில் கட்டியோடு. இந்தத் தடவை நாக்கு முழுவதும் போக வேண்டும். தொடையிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தை நிரப்பலாம், விழுங்கப் பழக்கலாம். பேச்சு வராது. அன்று மாலை டாக்டர் பழைய போட்டோவைத் தேடி எடுத்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கோப்பிலிருந்த படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

"சிஸ்டர், இந்த நூல்..."

"ஆமா டாக்டர்."

அப்போது அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை.

மறுநாள் பெரியவரிடம் போய்ச் சொன்னார். கதவு திறந்துதான் இருந்தது. நான் ஃபைலோடு வெளியே நின்றேன்.

"இங்க பாரும்மா. நாக்குல வந்தது திரும்பி வர்றது சகஜம். நீ சரியா வெட்டியிருந்தாலும் வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம் சார். ஆனா நான் தப்பான பக்கம் வெட்டினேன்."

"அதைப் போய் அந்தாள்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அறுந்த நாக்கு ஒட்டிக்குமா? கோர்ட்டு, கேஸுன்னு ஆஸ்பத்திரி பேர் சந்தி சிரிக்கும். உன் கட்டுரை எட்டு மாசமா என் மேஜைல இருக்கு. அந்த ஒண்ணை எடுத்துடு. முந்நூத்திப் பத்துன்னு போடு. நாளைக்கே கையெழுத்துப் போடறேன்."

தலைவர் கையெழுத்து இல்லாமல் ஆராய்ச்சிக் கட்டுரை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகாது. அவர் என்ன சொல்கிறார் என்று பச்சைக் குழந்தைக்கும் புரியும். டாக்டர் வெளியே வந்து, கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி மேஜை இழுப்பறையில் போட்டார்.

இத்தனை வருஷம் ஊரில் இருக்கும் டாக்டர்களையெல்லாம் போனில் வறுத்தெடுத்த பெண்மணி. ஏன் மறைக்கிறீர்கள் என்று நான் கேட்டேன், அவரும் கணக்குச் சொன்னார். கட்டுரை வெளியே வந்தால் ஆயிரம் பேருக்கு ஓரம் சரியாக வெட்டப்படும். சொன்னால் ஒருவருக்கு மனக்கஷ்டம்தான் மிச்சம். கணக்கில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த மூன்று வாரம் பரிசோதனை, ஊட்டச்சத்து, தேதி குறிப்பது என்று ஓடியது. தினமும் ஏலக்காரர் கட்டிலருகே போய், "சாப்பிட்டீங்களா? வலி எப்படி இருக்கு?" என்று விசாரித்தார் டாக்டர். அவ்வளவு பதவிசாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. காதை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பதினோரு மணிக்கு ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். தாளை எடுத்துக் கொடுக்கும்போது நான் சொல்லிவிட்டேன்.

"இன்னைக்கு விட்டா அவரால உங்களைத் திட்டக்கூட முடியாது டாக்டர்."

அவர் என்னை முறைத்தார். எத்தனையோ முறைப்புப் பார்த்திருக்கிறேன், இது வேறு. பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன்.

ஏலக்காரர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் உட்காரவில்லை.

"போன தடவை ஆபரேஷன்ல நான் தப்புப் பண்ணிட்டேன்."

வரைபடத்தைக் கட்டிலில் விரித்து, நூல், டப்பா, போன் எல்லாம் சொன்னார். அன்றைக்குத் தனக்கு வேறு ஒருவர் மேல் கோபம், அந்தக் கோபத்தில் கை மாறிவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஏலக்காரர் படத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கே சரியா வெட்டியிருந்தா, நாளைக்கு எனக்கு நாக்கு போகாதா?"

"போகாம இருந்திருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. தப்பான பக்கம் வெட்டினேன், அது மட்டும் நிச்சயம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வாரமா."

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன் நான். "நூலைப் பார்த்தேன். இவங்க கோவத்துக்குப் பயந்து வாயைத் திறக்கல."

அவர் மனைவியின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. பிறகு ஏலக்காரர் ஆரம்பித்தார். சிற்றுண்டியை ஏலம் விட்ட குரல் இல்லை. துறைமுகத்தில் அலைச் சத்தத்துக்கு மேலே போய்ப் பழகிய குரல். பக்கத்து வார்டிலிருந்து ஆட்கள் வந்து கதவில் நின்றார்கள்.

"என் நாக்கு. உங்க வீட்டுத் தையல் டப்பா இல்ல. முப்பது வருஷம் இதை வச்சுத்தான் பொழைச்சேன். உனக்கு யார் மேலயோ கோவம்னா என் நாக்கு போகணுமா? மூணு வாரம் தினமும் வந்து சாப்டியான்னு கேட்டியே, வயித்துல இதை வச்சுக்கிட்டுத்தானே கேட்ட? நானும் மடையன் மாதிரி ஆச்சும்மா, ஆச்சும்மான்னு தலையாட்டினேன்."

எனக்கும் கிடைத்தது. எல்லாவற்றையும் எழுத மாட்டேன், எழுதினால் மலர்க் குழுக்காரருக்கு மயக்கம் வரும். டாக்டர் கையைக் கட்டிக்கொள்ளவில்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. யாரோ செக்யூரிட்டியைக் கூப்பிடப் போனார்கள். "யாரும் வரக் கூடாது" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற கூட்டம் கலைந்தது.

ஏலக்காரருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏலம் முடிஞ்சதும் கூடையை நாங்க தனியா அனுப்ப மாட்டோம். வழியில மாறிடும். வித்தவனோட ஆள் கூடையோட நடந்து போய், வாங்கினவன் கையில கொடுத்து, இது இன்னார் சரக்குன்னு வாயால சொல்லிட்டுத்தான் திரும்புவான். மீனுக்கு. செத்த மீனுக்கு. இவ்வளவு படிச்சிட்டு ஒரு மனுஷன் நாக்கை டப்பாவுல போட்டு அனுப்பிட்டு, போனை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே."

டாக்டர் ஒன்பது வருஷம் பென்சிலும் தாளுமாகத் தேடியதை அந்த மனுஷன் கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டார்.

"நாளைக்கு நீ வெட்டக் கூடாது. அந்தப் பெரிய டாக்டர் வெட்டட்டும். ஆனா துண்டை நீதான் எடுத்துட்டுப் போகணும், உன் கையால. கீழ இருக்கறவர் பாக்கற வரைக்கும் அங்கயே நில்லு. இடத்தை விரலால காட்டச் சொல்லு. மேல வந்து அதே இடத்தை வெட்டறவருக்குக் காட்டு."

"சரி."

"வாயால சொன்னா போதாதுங்க" என்றார் மனைவி, முதல் தடவையாக. "அந்தத் தாள்லயே எழுதுங்க."

ஒப்புதல் தாளின் அடியில் ஏலக்காரர் எழுதினார். இந்தப்படி செய்தால்தான் சம்மதம். கையெழுத்து. பெரியவர் அதைப் படித்துவிட்டு, "நோயாளி சொல்லி நான் ஆபரேஷன் பண்ணணுமா?" என்று குதித்தார். குதித்து என்ன செய்ய, சம்மதம் இல்லாமல் கத்தி வைக்க முடியாது.

விசாரணை நடந்தது. டாக்டருக்கு இரண்டு வருஷம் பதவி உயர்வு கிடையாது, எனக்கு எச்சரிக்கைக் கடிதம். முந்நூற்றுப் பதினோரு துண்டுகளோடு கட்டுரை இரண்டு வருஷம் கழித்து, பெரியவர் ஓய்வு பெற்றபிறகுதான் வெளியே போனது. வெட்டினவரே துண்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று இன்று பல இடங்களில் சட்டமே வைத்திருக்கிறார்கள். அதை எங்கள் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்ததே தான்தான் என்று பெரியவர் ஒரு மேடையில் சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏலக்காரர் இருக்கிறார், ஆறு வருஷம் ஆகிறது, நோய் திரும்பவில்லை. பரிசோதனைக்கு வந்தால் வேறு டாக்டரிடம்தான் காட்டுவார். எங்கள் டாக்டரை வராந்தாவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த இரண்டாவது ஆபரேஷன் அன்று காலை ஏலக்காரரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். தியேட்டர் வாசலில் அவர் கையைத் தூக்கினார், வண்டி நின்றது. டாக்டர் பச்சைத் தொப்பியோடு சுவரோரம் நின்றிருந்தார். சபிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"வழியில யாரோடயும் நின்னு பேசாதே" என்றார்.

அவர் வாயால் பேசியது அதுதான் கடைசி. மதியம் ஒன்றே காலுக்குப் பெரியவர் துண்டைத் தட்டில் வைத்தார். டாக்டர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நான் முன்னால் ஓடிக் கதவுகளைத் திறந்துவிட்டேன். முதல் மாடித் திருப்பத்தில் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் விசாரணைத் தாளோடு எதிரே வந்து, "டாக்டர், ஒரு நிமிஷம்" என்றார். டாக்டர் நிற்கவில்லை.